புரூட்டலிசம்: மிருகத்தனமா, பூச்சில்லாததா?

கான்கிரீட்டையும் செங்கலையும் பூசி மறைக்காமல் அப்படியே காட்டும் கட்டடப் பாணிக்கு ஆங்கிலத்தில் 'புரூட்டலிசம்' என்று பெயர். அந்தப் பாணியில் கட்டிய, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருக்கும் பார்க் ஹில் குடியிருப்பைப் பற்றித் தமிழில் எழுதினால் 'மிருகத்தனக் கட்டடக்கலை' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் கட்டடம் யாரை அடித்ததாம்?

அகராதியில் 'புரூட்டல்' என்பதைப் பார்த்ததோடு சரி. பிரெஞ்சில் 'பெத்தோன் ப்ரூட்' என்றால் பூசாத கான்கிரீட். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே புழங்கிய சொல். 1950இல் சுவீடன் கட்டடக்கலைஞர் ஹான்ஸ் ஆஸ்ப்லுண்ட் ஒரு வீட்டைப் பார்த்துக் கொஞ்சம் கேலியாக வைத்த புரூட்டலிசம் என்ற பெயர் இங்கிலாந்து போய் நிலைத்தது. கேலியில் முரட்டுத்தனம் இருந்திருக்கலாம். பாணிக்காரர்கள் பிடித்துக்கொண்டதோ பூசாதது என்ற பிரெஞ்சு 'ப்ரூட்'டைத்தான்.

'வெறுங்கான்கிரீட் பாணி' தேவலாம். ஆனால் ஆஸ்ப்லுண்ட் பார்த்துப் பெயர் வைத்த அந்த வீடு, சுவீடனின் உப்சாலா நகரில் இருப்பது, செங்கல் வீடு. அதனால் நான் சொல்வது 'பூச்சில்லாக் கட்டடக்கலை'. சென்ட்ரிங் பிரித்ததும் தளத்தின் அடியில் பலகை வரியும் ஆணித்தலையும் அப்படியே பதிந்திருக்கும். நம் கொத்தனார் அதை மறைக்கத்தான் பூசுவார். இந்தப் பாணிக்காரர்கள் அதையே காட்டி நிறுத்தினார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் பூசாத வீடு என்றால் 'கையில காசு தீந்துட்டு போல' என்பார்களே என்று கேட்கலாம். இருக்கட்டும். பூச்சு இல்லை என்பதாவது உண்மை. மிருகத்தனம் என்பது வெறும் பழி.

அந்தப் பழி சும்மா கிடப்பதில்லை. 1961இல் கட்டி முடித்த பார்க் ஹில், பால் வண்டி ஓடும் அகலத்தில் மாடித் தெருக்கள் கொண்டது. உருக்காலை வேலைகள் போய், பராமரிப்பும் நின்று, கான்கிரீட் கறுத்து உதிர்ந்தது. 'மிருகத்தனக் குடியிருப்பு சீரழிந்தது' என்று படிக்கிறவர் கட்டடமே கெட்டது, குடியிருந்தவர்களும் அப்படித்தான் என்று நினைப்பார். 1998இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. பிறகு முதல் கட்டமாகச் செங்கல் இருந்த இடத்தில் வண்ண அலுமினியத் தகடு வைத்துப் புதுப்பித்தார்கள். மாநகராட்சி வாடகை வீடுகளாக இருந்தவற்றில் பெரும்பகுதி விற்பனைக்குப் போனது. இதற்கு 'புத்துயிர்' என்று பூப்போடுவானேன்? 'மறுசீரமைப்பு' போதும்.

'ஹவுசிங் எஸ்டேட்'டில் வரும் எஸ்டேட்டையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலிக்காரனுக்கு எஸ்டேட் என்றால் மாஞ்சோலைத் தேயிலைதான். குடியிருப்பு என்று ஊர்ப்பெயர்களிலேயே வைத்துப் புழங்குகிறோம். அதை எழுத என்ன கஷ்டம்?