டிரெயின் பிளக்கிலிருந்து கேன் மூடி வரை: பழைய எஞ்சின் ஆயிலைப் பிடித்து வைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் சனிக்கிழமை காலையில் நடந்துபோனால் எங்கேயாவது ஒரு வாசலில் கொரோல்லா காரோ பக்கியோ (பின்னால் சரக்குத் தட்டு உள்ள சிறு வண்டி) முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கீழே ஒருவர் படுத்திருப்பார். எந்த ஆயில் நல்லது, எந்த ஃபில்டர் போடலாம் என்று நாமெல்லாம் மணிக்கணக்கில் பேசுவோம். வெளியே வருகிற பழைய 4 லிட்டரைப் பற்றி மட்டும் பேச்சே வராது. எனக்கென்னவோ அந்த 4 லிட்டர்தான் இதில் முக்கியமான விஷயம். வேறு எதுவும் கலக்காமல் தனியாக இருக்கிற வரைக்கும் பழைய ஆயில் ஒரு சரக்கு, அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. மண்ணோடோ தண்ணீரோடோ கலந்துவிட்டால் அப்புறம் அதைப் பிரித்தெடுப்பது நம்மால் ஆகிற காரியமில்லை.

பழைய ஆயில் ஏன் கறுப்பாக இருக்கிறது? எரிபொருள் எரியும்போது உண்டாகும் புகைக்கரி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஆயிலில் சேருகிறது. ஒவ்வொரு துகளும் சில பத்து நானோமீட்டர் அளவுதான். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் பிரித்தே வைக்க ஆயிலில் ஒரு ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள், அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் நிறம் கறுக்கிறது. அதனால், ஒரு மாதம் அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும், அதை மறுபடி ஊற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தெளியாது. கரியோடு பேரிங்கிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் தேய்ந்த உலோகத் தூள், ஆயிலிலேயே சேர்க்கப்பட்ட துத்தநாகம், எரிதலில் பிறக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. இந்தக் கடைசி வகையில் பல புற்றுநோயை உண்டாக்குபவை. பழைய ஆயிலை எலிகளின் தோலில் திரும்பத் திரும்பத் தடவிய ஆய்வுகளில் புற்றுநோய் வந்திருக்கிறது, ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் கெடாமலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பிடித்து வைப்பதில் அர்த்தம் இருப்பதே அதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால்தான் ஒழுங்காக இறங்கும். 15டபிள்யூ-40 ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 100 அலகுக்கு மேல், 100 டிகிரியில் சுமார் 15 அலகுதான். அதற்காக ஓடி நின்ற காரின் ஆயிலை உடனே இறக்கினால் கை வெந்துவிடும். ஓடியபின் இருபது நிமிடமாவது ஆறட்டும், ஆயில் இறங்கும் துளையை அடைத்திருக்கும் டிரெயின் பிளக்கைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு இருந்தால் போதும். இன்னொன்று, வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிதான் சம்ப். பிளக் பக்கவாட்டில் இருக்கிற சம்ப்பில், ஆயிலைப் பிடிக்கும் தட்டை நேர் கீழே வைத்தால் முதல் பீச்சு தட்டைத் தாண்டிப் போய்விடும். காரணம் எளிது. துளைக்கு மேலே ஆயில் 10 சென்டிமீட்டர் நின்றால் உராய்வைக் கணக்கில் எடுக்காமல் அது நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும், 20 சென்டிமீட்டர் கீழே விழுவதற்குள் 28 சென்டிமீட்டர் முன்னே போயிருக்கும். மட்டம் 1 சென்டிமீட்டராக இறங்கியதும் அதே கணக்கில் 9 சென்டிமீட்டர்தான் போகும். பிசுபிசுப்பால் நிஜத்தில் இரண்டும் கொஞ்சம் குறையும், ஆனால் தாரை பின்னோக்கி நகர்ந்துகொண்டே வருவது மாறாது. ஆகவே தட்டு அகலமாக, 40 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், தாரை திரும்பி வர வர நீங்களும் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். கொள்ளளவும் ஆயிலைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் நிரம்பிய தட்டைத் தளும்பாமல் வெளியே இழுக்க முடியும். பிளக்கைக் கடைசிச் சுற்றுகளில் உள்பக்கம் அழுத்தியபடியே திருப்பி, மரை முழுவதும் விட்டுவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு சட்டென்று விலக்கினால் கை நனையாது. எஞ்சினின் மேலே ஆயில் ஊற்றும் இடத்து மூடியை அதுவரை திறக்காமல் வைத்திருங்கள், காற்று தாராளமாக உள்ளே போகாததால் முதல் வேகம் கொஞ்சம் அடங்கும். தட்டு சரியான இடத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகு மூடியைத் திறந்துவிடுங்கள்.

பாதிப் பேர் சிந்துவது ஆரம்பத்தில் இல்லை, கடைசியில்தான். வேகம் குறைந்ததும் ஆயில் துளையிலிருந்து நேராக விழுவதை விட்டுவிட்டுச் சம்ப்பின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே ஊர்ந்து போய் வேறெங்கோ சொட்டும், பாலைப் பாத்திரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்தால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தின் வெளிப்பக்கமாகவே வழிவது போல. உலோகத்தை எண்ணெய் நன்றாக நனைக்கும், வேகம் இல்லாதபோது அந்த ஒட்டும் விசை ஜெயித்துவிடுகிறது. துளையைச் சுற்றித் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் சொட்டு மறுபடி துளையிலிருந்தே விழும். டர்பனில் வடகிழக்குக் காற்று எழும்பிவிட்டால் இந்த மெல்லிய தாரை நூல் மாதிரி ஆடும், அட்டை ஒன்றைத் தடுப்பாக வைப்பது நல்லது.

ஃபில்டரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்பி ஓடாமல் தடுக்க ரப்பர் வால்வு உள்ள ஃபில்டர்கள் நிறைய இருக்கின்றன, அதனால் கழற்றிய பிறகும் ஒரு கோப்பை ஆயில் உள்ளேயே நிற்கும். குவிந்த முனையில் ஓட்டை போட்டு, சூடாக இருக்கும்போதே கவிழ்த்து, ஒரு இரவு முழுக்க வடியவிடுங்கள்.

இனி கேனில் ஊற்றுவது. புது ஆயில் வந்த அதே 5 லிட்டர் கேன்தான் சிறந்தது, தடித்த பிளாஸ்டிக், திருகு மூடி, மேலே எழுத்தும் இருக்கும். பால் பாட்டில், கூல்டிரிங்க் பாட்டில் வேண்டவே வேண்டாம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது பெரிய ஆபத்து. புனல் கேனின் கழுத்தில் இறுக உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயில் புனலிலேயே தேங்கும், திடீரென்று குமிழ் வெடித்து முகத்தில் தெறிக்கும். புனலுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகினால் போதும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரியும், தகரக் கூரை போட்ட கொட்டகையில் வெப்பம் 30 டிகிரி கூடினால் 5 லிட்டர் ஆயில் 100 மில்லிலிட்டர் பெருகிவிடும்.

கலக்கக் கூடாது என்று நான் சொல்வது முக்கியமாக இங்கேதான். பழைய ஆயிலைத் தீப்பற்ற வைக்க அதைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டாலோ சாதாரண வெயிலிலேயே எரியும் ஆவி கிளம்பும். பிளீச் இருந்த கேனில் ஊற்றினால் குளோரின் சேர்ந்து, பின்னால் அந்த ஆயிலை உலையில் எரிபொருளாக எரிக்கும்போது அமிலமாகும். ரேடியேட்டர் திரவமும் பிரேக் திரவமும் ஆயிலோடு சேராத வகை, அவற்றுக்குத் தனித்தனி கேன். மழையில் திறந்து கிடக்கும் டிரம் இதையெல்லாம் விட மோசம். ஆயில் தண்ணீரை விட லேசு, எனவே மழைநீர் அடியில் போய்த் தங்கி ஆயிலை மேலே தூக்கும், டிரம் வழியும்போது முதலில் வெளியே போவது ஆயில்தான்.

வெளியே போனது எங்கே போகும்? டர்பனில் மழைநீர்க் கால்வாய் தனி, சாக்கடைக் குழாய் தனி. தெருவில் ஓடுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்குப் போகிறது, சாட்ஸ்வர்த்துக்கு வடக்கே உம்லடுசானா ஆறு, அது நேரே துறைமுகத்தில் கலக்கிறது. கடலில் கசிவுகளைக் கண்காணிப்பவர்களின் பான் உடன்படிக்கை அளவுகோலில், தண்ணீர் மேல் வானவில் நிறம் தெரிகிற எண்ணெய்ப் படலம் 0.3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமன். மிக மெல்லிய அளவில் பரப்பினால் நம்முடைய 4 லிட்டர் 13,000 சதுர மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு கால்பந்து மைதான அளவுக்குப் பரவும். துறைமுகத்தின் பேஹெட் பக்கத்து அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களில் ஆயில் படிந்தால் அவை காற்று இழுக்கும் நுண்துளைகள் அடைபட்டுப் போகும். வாசலில் கொஞ்சம் சிந்திவிட்டால் மணலோ மரத்தூளோ போட்டுத் தேய்த்து அள்ளுங்கள், சோப்பு நீர் ஊற்றிக் கழுவினால் ஆயில் சிறு துளிகளாக உடைந்து அதே கால்வாய்க்குத்தான் போகும்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பழைய ஆயில் ஆபத்தான கழிவு, குப்பைப் பையில் போடக்கூடாது. 1994-இல் தொடங்கிய ரோஸ் அறக்கட்டளை நாடு முழுக்கச் சேகரிப்பை ஒருங்கிணைக்கிறது. சில நகராட்சிக் குப்பை மையங்களிலும் பணிமனைகளிலும் ஆயிலை வாங்கிக்கொள்வார்கள், போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தண்ணீரும் அழுக்கும் நீக்கப்பட்டு உலைகளுக்கு எரிபொருளாகவோ மறுபடி அடிப்படை எண்ணெயாகவோ மாறுகிறது. கேனை பக்கியில் படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்டிக் கொண்டுபோங்கள், வடிந்த ஃபில்டரையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் வாங்குவார்களா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.