கடல்பரப்பு கெடுக்கும் பதிவு

கடலுக்கடியில் உள்ள பாறை அடுக்குகளைப் படம்பிடிக்க, கப்பலுக்குப் பின்னால் ஏர்கன்களை இழுத்துச் சென்று அழுத்தக் காற்றை நீருக்குள் திடீரென வெளியேற்றுகிறார்கள். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒலியை, பல கிலோமீட்டர் நீளமான ஸ்ட்ரீமர் கேபிளில் வரிசையாக இருக்கும் ஹைட்ரோஃபோன்கள் (நீருக்கடி ஒலிவாங்கிகள்) பதிவு செய்கின்றன.

இந்தப் பதிவைக் கெடுப்பவை பல. ஏர்கன் விட்ட காற்றுக்குமிழி விரிந்து சுருங்கித் தொடர்ந்து ஒலி எழுப்பும். அதற்கு வழி இருக்கிறது: வெவ்வேறு கொள்ளளவுள்ள ஏர்கன்களை ஒரே நேரத்தில் இயக்கினால் முதல் அதிர்வுகள் சேர்ந்து ஓங்கும், குமிழி ஒலிகள் ஒத்துப்போகாமல் அடங்கிவிடும்.

அப்படிச் சுலபமாக அடங்காதது கடல்பரப்பு. கீழிருந்து வரும் ஒலி ஹைட்ரோஃபோனைத் தாண்டி மேலே போய், நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்புகிறது. திரும்பும்போது அழுத்தம் தலைகீழாகிவிடும். இந்த இரண்டாம் வருகைக்கு கோஸ்ட் என்று பெயர். இது அசல் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களை அப்படியே அழித்துவிடுகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். கேபிள் 7.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால், மேலே போய்த் திரும்பும் 15 மீட்டருக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும்; அதனால் நேர்மேலாக வரும் ஒலியில் 100 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். 25 மீட்டருக்கு இறக்கினால் 30, 60, 90 ஹெர்ட்ஸ் போகும்.

அப்படியென்றால் மேலேயே இழுக்கலாமே? அங்கே அலைகளின் உலுக்கல் அதிகம். தாழ் அதிர்வெண்களும் பலவீனமாகிவிடும். ஆழத்திலுள்ள அடுக்குகளைப் பார்க்கத் தேவைப்படுவதே அவைதான்.

கேபிளைச் சரிவாக இழுப்பது ஒரு தீர்வு. ஒவ்வொரு ஹைட்ரோஃபோனும் வேறு ஆழத்தில் இருப்பதால் ஒன்றில் அழிந்த அதிர்வெண் இன்னொன்றில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது மற்றொன்று: ஹைட்ரோஃபோனோடு நீர்த்துகள்களின் வேகத்தை அளக்கும் உணரியையும் சேர்ப்பது. பிஜிஎஸ் நிறுவனம் 2007-இல் இப்படியொரு ஸ்ட்ரீமரை அறிமுகப்படுத்தியது. ஹைட்ரோஃபோனுக்கு ஒலி வரும் திசை தெரியாது. வேக உணரிக்கு மேலே போவதும் கீழே வருவதும் வேறு வேறு. இரண்டு பதிவுகளையும் சரியான அளவில் கூட்டினால் கோஸ்ட் கழிந்துவிடும். ஒரு சிக்கல் உண்டு. கேபிளின் அதிர்வு, வேக உணரியின் தாழ் அதிர்வெண்களைப் பாழாக்கும். அந்தப் பகுதியை மட்டும் ஹைட்ரோஃபோன் பதிவிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறார்கள்.

ஏர்கன் பக்கத்திலும் இதேபோல ஒரு கோஸ்ட் உண்டு. கேபிளை எப்படி மாற்றினாலும் அது போகாது. அப்புறம் என்ன, ஏர்கன்களையே இரண்டு ஆழங்களில் வைத்து, இம்மியளவு நேரம் தள்ளித் தள்ளி இயக்கி அதைக் குறைக்கிறார்கள்.