அக்குவஸ் ஹியூமர்: கண்ணுக்குள் ஓடும் நீருக்கு என்ன பெயர் வைக்கலாம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது கண்ணீர் இல்லை. கண்ணீர் சுரப்பது விழிக்கு வெளியே. விழியின் மேற்பரப்பை நனைத்துவிட்டு மூக்குக்குள் இறங்கிவிடும். அக்குவஸ் ஹியூமர் என்பது விழிக்குள்ளேயே, கார்னியாவுக்கும் (விழியின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம்) லென்ஸுக்கும் இடையில் இருக்கும் தெளிந்த நீர். எவ்வளவு அழுதாலும் இதில் ஒரு சொட்டு வெளியே வராது.

ஹியூமர் என்றால் நகைச்சுவை ஆயிற்றே, அது எப்படிக் கண்ணுக்குள் வந்தது? லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ஈரம், நீர்மம் என்றுதான் பொருள். உடம்பில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் இருப்பதாகவும், அவற்றின் அளவுதான் ஒருவருடைய குணத்தைத் தீர்மானிக்கிறது என்றும் பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. அப்படியே சொல் நீரிலிருந்து மனநிலைக்குப் போய், அங்கிருந்து வேடிக்கைக்குப் போய்விட்டது. ஆனால் கண் மருத்துவத்தில் பழைய பொருளே தங்கிவிட்டது. அக்குவஸ் என்பது 'அக்குவா', அதாவது தண்ணீர் என்பதிலிருந்து வந்தது.

தமிழில்? இலங்கைக் கலைச்சொல்லில் இது நீர்மயவுடனீர். லென்ஸுக்குப் பின்னால் கூழ் மாதிரி இருக்கும் விட்ரியஸ், கண்ணாடியுடனீர். உடல் + நீர் = உடனீர்; அந்த நால்வகை நீர் என்ற பழைய பொருளை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்த சொல் வேறு இல்லை என்பேன். ஆனால் புணர்ச்சியைப் பிரித்துப் பார்க்காதவருக்கு 'உடன்' என்றுதான் காதில் விழும். 'கண்நீர்' என்றால் கதையே முடிந்தது. முன்விழி நீர்மம் என்பது என் தேர்வு: இடமும் தெரிகிறது, பொருளும் தெரிகிறது.

சரி, கண் அழுத்தம் என்கிறார்களே, அதற்கும் இந்த நீர்தான் காரணம். அது எங்கிருந்து வருகிறது? ஐரிஸுக்கு, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்துக்கு, பின்னால் இருக்கும் சிலியரி உறுப்பு இந்த நீரை நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கும். அது கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, இரத்தக் குழாய் இல்லாத லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் ஊட்டம் கொடுத்துவிட்டு, கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில் ஒரு சல்லடைத் திசு வழியாக ஷ்லெம் கால்வாய்க்குள் வடிந்து இரத்தத்தோடு கலக்கும். சுரப்பும் வடிதலும் ஈடாக இருக்கும்வரை அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம்வரை நிற்கும். விழி பந்து போல விறைப்பாக நிற்பதே இதனால்தான்.

அழுத்தம் கூடுவது பெரும்பாலும் வடிகால் அடைபடுவதால்தான், நீர் அதிகம் சுரப்பதால் அல்ல. கூடிய அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைச் சிதைத்தால் அது குளுக்கோமா. தமிழில் கண் அழுத்த நோய் என்கிறோம், ஆனால் அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும்: அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போதே நரம்பு கெடுபவர்களும் உண்டு. அப்புறம், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் சிலருக்கு இந்த வடிகால் மந்தமாகி அழுத்தம் ஏறும். மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடராதீர்கள்.

குளுக்கோமா சொட்டு மருந்துகளில் டிமோலால் சுரப்பைக் குறைக்கிறது, லட்டனோபிராஸ்ட் வடிதலைக் கூட்டுகிறது. சிலருக்கு இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது இதனால்தான்.