இருமலில் கேட்ட குரல்

"மிஸ், இது எங்கட குடிக்கே உள்ள குரல்" என்றார், பேச்சுச் சிகிச்சையாளரான என்னிடம் வந்த அம்மா. மகனுக்கு 17 வயது. மீசை அரும்பிவிட்டது, குரல் மட்டும் பத்து வயதுப் பிள்ளையின் கீச்சுக்குரல். தாய்மாமனுக்கும் இப்படித்தானாம். மட்டக்களப்பில் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியாக வருவதால், குரலும் அந்த வழியிலேயே வரும் என்று பலர் நம்புகிறார்கள்.

குரலில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. 2023இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் ஏறக்குறைய 13,000 பேரின் குரலைப் பதிந்து டி.என்.ஏ.யுடன் ஒப்பிட்டார்கள். ஏபிசிசி9 என்ற பரம்பரையலகில் சில வேறுபாடுகள் உள்ளவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, குரல் சற்று உயர்ந்திருந்தது. அந்த அலகு இருப்பது 12ஆம் நிறமூர்த்தத்தில். தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம். குடி பார்த்து வராது.

ஆனால் அந்த வேறுபாடு சிறியது. வளர்ந்த ஆணின் குரல் 120 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 120 அதிர்வு) அளவிலும் பெண்ணின் குரல் 200 ஹேர்ட்ஸை அண்டியும் இருக்கக் காரணம், பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஓமோன் ஆண்களின் குரல்நாண்களை நீட்டித் தடிப்பாக்குவதுதான். அப்புறம் மொழியும் பழக்கமும். சீன மொழியில் சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும். அதற்காகச் சீனரின் தொண்டை வேறு என்றில்லை. அங்கே பிறந்த குழந்தை மட்டக்களப்பின் ஆரையம்பதியில் வளர்ந்தால் நம் தமிழைத்தான் கதைக்கும்.

சரி, தம்பியிடம் வருவோம். "மனே, ஒருக்கா இருமுங்க பாப்பம்" என்றேன். இருமல் கனத்த ஆண்குரலில் வந்தது. அம்மா திடுக்கிட்டு மகனைப் பார்த்தார். குரல்வளை எப்போதோ வளர்ந்துவிட்டது. மகரக்கட்டு உடையும் வயதில் பழைய குரலையே பிடித்துக்கொண்டு பழகியிருக்கிறார். காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்த்து, வேறு கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு பயிற்சியைத் தொடங்கினோம். இருமலை 'ஆ' என்று நீட்டுவது, பிறகு சொல், பிறகு வசனம். ஐந்தாவது கிழமை, வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதாகச் சொன்னார். அதற்கு முன் இரண்டு வருடம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

16 வயது தாண்டியும் பெடியனின் குரல் உடையவில்லை என்றால் தயவுசெய்து கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். சிலருக்கு ஓமோன் குறைபாடும் காரணமாகலாம், பரிசோதித்தால்தான் தெரியும். எந்த வயதிலும் மூன்று கிழமைக்கு மேல் குரல் கரகரத்தால் அதையும் காட்ட வேண்டும்.

அந்த மாமனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு 42 வயது.