கருப்பை வாயில் அமிலம் தடவினால் ஏன் வெளுக்கிறது?

காரைக்குடி வாசகி ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமக்குச் செய்யப்பட்ட கருப்பை வாய்ப் பரிசோதனையைக் குறிப்பிட்டு, "வினிகரில் இருக்கிற அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதைப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று எப்படி நம்புவது?" எனக் கேட்டு எழுதியிருக்கிறார். நம்பலாம். ஆனால், அந்த அமிலம் முக்கியமாகத் தேடுவது புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் முந்தைய நிலையை.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் என்பதும், அதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹாசன் 2008இல் நோபல் பரிசு பெற்றதும் பலர் அறிந்தவை. பெரும்பாலோருக்குத் தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். நீங்காத சிலரிடம், உயிரணுப் பெருக்கத்துக்குத் தடை போடும் நம் புரதங்களை வைரஸின் புரதங்கள் செயலிழக்கச் செய்வதால், முதிர்ந்து தட்டையாக வேண்டிய உயிரணுக்கள் முதிராமலே பெருகுகின்றன. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும்.

அமிலத்தின் வேலை இந்த இடைவெளியில்தான். கருப்பை வாயின் வெளிப்புறத்தை மூடியுள்ள இயல்பான படலம் ஒளியை உள்ளே விடுவதால், அடியிலுள்ள இரத்த நுண்குழாய்களின் நிறம் ஊடே தெரிந்து பரப்பு இளஞ்சிவப்பாகத் தோன்றுகிறது. அதன் மேலடுக்கு உயிரணுக்களில் உட்கரு சிறியது, கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுப்பொருள் மிகுதி. முதிராத உயிரணுக்களிலோ உட்கரு பெரியது, புரதமும் செறிந்திருக்கும். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் பட்டதும் அப்புரதங்கள் திரண்டு, வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. அடியிலுள்ள சிவப்பு மறைந்து வெண்திட்டு தோன்றுகிறது. முட்டை வெந்தது வெந்ததுதான். இங்கே சில நிமிடங்களில் வெண்மை மங்கி, பழைய நிறம் திரும்பிவிடும். வெண்மை தெளிவாகத் தோன்றச் சற்று நேரமாவதால், செவிலியர் அமிலம் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, அது மங்குமுன் பார்க்கிறார். சாயமோ ஆய்வகமோ இல்லாமல், ஒளி சிதறுவதை மட்டும் கொண்டு உயிரணுவின் உட்கருவைப் பற்றி ஒரு செய்தியைக் கண் படித்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே.

வெளுப்பதெல்லாம் ஆபத்தன்று, அழற்சியும் வெளுக்கும். வெளிப்புறப் படலமும் உட்குழாயின் படலமும் சந்திக்கும் எல்லையை ஒட்டி, ஓரம் தெளிவாக அமைந்த அடர்வெண்மையே ஐயத்துக்குரியது. அதையும் உருப்பெருக்கியால் பார்த்து, தேவையானால் திசு எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்கள்.

1980களில் சென்னைப் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் கருப்பை வாய்க்கே. இன்று அவ்விடம் மார்பகப் புற்றுநோய்க்கு. இந்த இறக்கத்துக்குத் தாமதமான திருமணம், குறைந்த பிரசவங்கள், மேம்பட்ட சுகாதாரம் ஆகியவற்றையே ஆய்வாளர்கள் முதன்மையாகச் சொல்கிறார்கள். பரிசோதனையின் பங்கு பெரிதாக இருக்க வழியில்லை: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாட்டளவில் 1.9 சதவீதமே, தமிழ்நாட்டில் 9.8. நோய் விகிதம் இறங்கினாலும், மக்கள்தொகையும் முதியோரும் பெருகுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை அதே அளவில் இறங்கவில்லை. 2022இல் இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 1,27,000 என்றும், இறப்புகள் ஏறத்தாழ 80,000 என்றும் மதிப்பிடப்பட்டது. இறப்பு இவ்வளவு அதிகமாவதற்கு முக்கியக் காரணம், பலரும் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருவதுதான்.

செட்டிநாட்டுக்குத் தொலைவில்லாத திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்கள் இதே அமிலப் பரிசோதனையை ஒருமுறை செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட நோய் 25 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். விலை மலிந்த முறைகளைக் கிராமத்தில் வைத்துச் சோதிக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கும் அப்படிப் பணம் தருவோர் வேண்டும் என்பது என் கருத்து.

வாசகியின் தாயாருக்கும் இதைச் செய்யலாமா என்பது அவரது இரண்டாவது கேள்வி. மாதவிடாய் நின்ற பிறகு, இரு படலங்களும் சந்திக்கும் அந்த எல்லை கருப்பை வாயின் உட்குழாய்க்குள் பின்வாங்கிவிடுவதால், அமிலம் தடவினாலும் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். அவருக்கு வைரஸின் மரபணுவைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனையே பொருத்தமானது.