எண்டோஸ்கோபி: எதற்குள்ளே பார்ப்பது?

பாலக்கோட்டில் இருக்கும் எங்கள் சித்தப்பாவுக்குப் பல நாளாக மூக்கடைப்பு, தலைபாரம். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டில் ஏதோ எழுதி, எண்டோஸ்கோபி எடுத்து வாங்க என்று அனுப்பினார். எங்கள் வீட்டில் எண்டோஸ்கோபி என்றால் வயிற்றுக்குள் டியூப் விட்டுப் பார்ப்பது, வேறு அர்த்தமே கிடையாது. அதனால் சித்தி ராத்திரி எட்டு மணிக்கு மேல் களி உருண்டையைக் கண்ணிலேயே காட்டாமல் மனுஷனைப் பட்டினி போட்டு, காலையில் முதல் பஸ்ஸில் தர்மபுரிக்குக் கூட்டி வந்து ஒரு வயிற்று டாக்டர் கிளினிக்கில் உட்கார வைத்துவிட்டார். "வயித்துல என்ன பண்ணுதுங்க?" என்று அவர் கேட்க, "வயித்துக்கு ஒண்ணும் இல்லைங்க சார், மூக்குதான்" என்று இவர் சொல்ல, சீட்டை வாங்கிப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார். அது மூக்குக்கான எண்டோஸ்கோபி. அதற்குப் பட்டினியே கிடக்க வேண்டியதில்லை.

சித்தியைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சொல்லே பாதிதான் சொல்கிறது. கிரேக்கத்தில் எண்டோன் என்றால் உள்ளே, ஸ்கோபெயின் என்றால் உற்றுப் பார்ப்பது. சேர்த்தால் உள்ளே உற்றுப் பார்ப்பது, அவ்வளவுதான். எதற்குள்ளே என்பது அதில் இல்லை. இன்னொரு வேடிக்கை, இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்த காலத்தில் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1806இல் ஜெர்மனியில் போசினி என்ற மருத்துவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் குழாய் வழியாக உடம்புக்குள் செலுத்திப் பார்க்க ஒரு கருவி செய்தார். 1853இல் பிரான்ஸில் தெசோர்மோ என்பவர் சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கை வைத்து அதை மேம்படுத்தி, எண்டோஸ்கோப் என்று பெயரிட்டார், அவர் பெரும்பாலும் பார்த்தது சிறுநீர்ப் பாதையைத்தான். இரைப்பைக்குள் எட்டிப் பார்த்தது அதற்கு அப்புறம், 1868இல், குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர். வளையாத குழாயை யார் விழுங்குவார்கள்? கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்துத்தான் அவர் சோதித்தார். இன்றைக்கு நாம் விழுங்கும் வளையும் குழாய்க்கு வழி போட்டது 1957இல் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் செய்த கருவியை முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்த மனிதர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? உள்நோக்கி, அகநோக்கி இரண்டும் எழுத்தில் இருக்கின்றன. எனக்கு நோக்கு என்ற பகுதியில் மறுப்பே இல்லை, நுண்ணோக்கி, தொலைநோக்கி என்று நாம் பழகிய வழிதான். அதோடு கிரேக்கத்தில் ஸ்கோபோஸ் என்ற சொல்லுக்கு உற்றுப் பார்ப்பவன் என்றும் குறி, இலக்கு என்றும் பொருள். தமிழிலும் பார்ப்பது நோக்கு, குறிக்கோள் நோக்கம். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் முன்னால் உள் சேர்த்தால் வம்பு. கருவி உள்நோக்கி என்றால் செயல் உள்நோக்கம் என்று வாயில் வந்துவிடும், உள்நோக்கம் என்றதும் நமக்கு அரசியல் அறிக்கைதான் ஞாபகம் வரும். டாக்டர் உள்நோக்கத்தோடு வயிற்றைப் பார்த்தார் என்றால் நன்றாகவா இருக்கிறது? அதனால் என் ஓட்டு கருவிக்கு அகநோக்கி, பரிசோதனைக்கு அகநோக்கல். முன்னால் உறுப்பின் பெயரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்: இரைப்பை அகநோக்கல், பெருங்குடல் அகநோக்கல், நாசி அகநோக்கல்.

உறுப்பைச் சேர்த்தாலே எந்த டாக்டர் என்பதும் பாதி தெரிந்துவிடும். மூக்கு என்றால் காது மூக்கு தொண்டை, மூச்சுக்குழாய் என்றால் நுரையீரல் மருத்துவர், சிறுநீர்ப்பை என்றால் யூராலஜிஸ்ட், கருப்பை என்றால் மகப்பேறு மருத்துவர், முட்டி என்றால் எலும்பு டாக்டர், இவர்கள் எல்லோருமே ஒரு ஸ்கோப் வைத்திருப்பார்கள். உணவுக்குழாய், இரைப்பை, குடல் என்றால்தான் கேஸ்ட்ரோ டாக்டர். இவரை எங்கள் பக்கம் 'கேஸ் டாக்டர்' என்பார்கள், வாயுத் தொல்லைக்கு என்று நினைத்து. கேஸ்டர் என்பது கிரேக்கத்தில் வயிறு, எண்டரான் குடல். கேஸ் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் கேயாஸ் என்ற வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து உண்டாக்கியது, இரண்டுக்கும் உறவில்லை. தமிழில் இரைப்பை குடல் மருத்துவர் என்றால் குழப்பமே இல்லை.

பெயர்ப் பலகையில் எம்.டி. பொது மருத்துவத்துக்கு மேல் டி.எம். கேஸ்ட்ரோ என்றிருந்தால் மருந்து வழி நிபுணர், எம்.எஸ். படித்து மேலே எம்.சிஎச். என்றால் அறுவை வழி நிபுணர். பயிற்சி பெற்ற பொது அறுவை மருத்துவர்களும் இரைப்பை அகநோக்கல் செய்கிறார்கள், அதில் தவறில்லை. பழக்கம் எவ்வளவு, சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவார்களா, கருவியை ஒவ்வொருவருக்கும் நடுவில் கிருமி நீக்குகிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அரூர், பென்னாகரம் பக்கம் சேலத்துக்கும் ஓசூர் பக்கம் பெங்களூருக்கும் உடனே பஸ் ஏறும் வழக்கம் உண்டு. அதற்கு முன்னால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 2022இல் திறந்த கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரியிலோ புறநோயாளிச் சீட்டுப் போட்டு, உங்களுக்கு இது தேவைதானா என்று கேட்டுக்கொள்வது செலவைக் குறைக்கும். ஆனால் விழுங்கச் சிரமம், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ரத்த வாந்திக்கு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

இரைப்பைக்கு என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், பார்ப்பது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

சித்தப்பாவுக்கு அடுத்த வாரம் நாசி அகநோக்கல் ஆனது, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதாம். அன்றைக்கு அந்த வயிற்று டாக்டர் ஃபீஸ் வாங்கவில்லை, முதலில் போய் இட்லி சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.