குரோமில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

குரோம் பம்பரில் கருப்பு பெயிண்ட் அடித்தேன், சில மாதங்களிலேயே பாலாடை மாதிரி உரிந்து வந்துவிட்டது, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பளபளக்கும் அந்தக் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அடியில் 10 முதல் 30 மைக்ரான் வரை நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. குரோமின் மேற்பரப்போ, காற்று பட்ட கணத்தில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. கீறிப் பாருங்கள், கீறலுக்குள்ளும் அதே போர்வை உடனே வளர்ந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சுதான் பிரைமர்; அதில் அமிலம் கலந்த எட்ச் பிரைமர் இரும்பை அரித்துப் பிடித்துக்கொள்ளும். இந்தப் போர்வை அதை நெருங்கவிடாது.

அப்படியானால் உப்புத்தாள் எதற்கு? ஆக்ஸைடை நீக்க அல்ல, அது திரும்ப வந்துவிடும். கண்ணாடி போன்ற தளத்தை மேடும் பள்ளமுமாக்கத்தான். பள்ளங்களில் இறங்கி இறுகும் எபாக்ஸி (ஒருவகைப் பிசின்) பிரைமர் அங்கே கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு, எபாக்ஸியின் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டங்கள்) ஆக்ஸைடின் மேற்பரப்போடு ஹைட்ரஜன் பிணைப்பும் கொள்கின்றன. தடையாக இருந்த போர்வையே பிடிமானமாகிவிடுகிறது!

தேய்க்கும் முன்பே மெழுகையும் எண்ணெயையும் சோப்பு நீராலும் கிரீஸ் நீக்கியாலும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாள் அதைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது. ஏடாக விரிந்து நின்றால் சுத்தம்.

பிறகு 180, அடுத்து 320 எண் தாள், தண்ணீர் விட்டு. மினுமினுப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது. மடிப்புகளிலும் விளிம்புகளிலும்தான் பெரும்பாலும் தப்பிவிடும், பெயிண்ட் உரியத் தொடங்குவதும் அங்கேதான். நீலச் சாயல் போய் லேசான மஞ்சள் தெரிந்தால் நிக்கலைத் தொட்டுவிட்டீர்கள், பரவாயில்லை. இரும்பே தெரிந்தால் துரு பிடிக்கும் முன் நன்றாக உலர்த்திப் பிரைமர் அடியுங்கள். பிசினையும் இறுக்கியையும் கலந்து அடிக்கும் இரு பகுதி எபாக்ஸி, மெல்லியதாக இரண்டு பூச்சு. டப்பாவில் குறித்த நேரம் தாண்டிவிட்டால் அடுத்த பூச்சுக்கு முன் லேசாகத் தேய்த்தே ஆக வேண்டும்.

குரோமே பெயர்ந்து நின்றால் அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது; குரோமையே நீக்கத்தான் வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் குரோமைக் கரைக்கும் வழியை வீட்டில் முயலவே வேண்டாம். கரைசல் மஞ்சளாவது ஆறு இணைதிறன் குரோமியம் என்ற குரோமிய வடிவத்தால்; அது புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. முலாம் பூசும் பட்டறையிடமே கொடுத்துவிடுங்கள்.